ஆயிரம் அடியிலேயே இருக்கட்டும்



2023 நவம்பர் 19. அகமதாபாத்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அன்றிரவு ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் நம் கையிலிருந்து கோப்பையைப் பறித்துக்கொண்டு போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் டாஸ் போட்டு முடித்து முதல் பந்து வீசப்படுவதற்குள் சில நிமிடங்கள் இருந்தனவே, அவை நினைவிருக்கின்றனவா? இந்திய விமானப்படையின் சூரியகிரண் குழு, ஒன்பது ஹாக் ஜெட் விமானங்களோடு நரேந்திர மோடி மைதானத்தின் மேல் வந்தது. காலரி முழுக்க நீலச் சட்டைகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாங்களும் காரணம் தெரியாமலே எழுந்து நின்றோம்.

அந்த நிமிடங்களைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைக்கிறேன். விளையாட்டு மைதானங்களின் மேல் போர் விமானங்கள் பறப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது உண்டாகும் சிலிர்ப்பு எனக்கு உண்மையாகவே பிடிக்கும். அதனால்தான் அதிலுள்ள ஆபத்தைப் பற்றியும் கவலைப்படுகிறேன்.

முதலில் சிலிர்ப்பு. மைதானத்தில் இருப்பவருக்கு விமானம் வருவது கண்ணில் படாது. சுற்றிலும் எழுந்து நிற்கும் காலரிகளும் கூரையும் அடிவானத்தை மறைத்துவிடும். தலைக்கு மேலே வட்டமாகத் தெரியும் வானம் மட்டுமே பாக்கி. ஒரு ஜெட் 300 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 555 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் 150 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்த வட்டத்தின் ஒரு விளிம்பில் தோன்றி மறு விளிம்பில் மறைய இரண்டு மூன்று நொடிதான். ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஒலி நம் காதுக்கு இறங்கிவர ஒரு நொடி ஆகிறது. அதற்குள் விமானம் தலையைத் தாண்டிவிடுகிறது. கண் முதலில் பார்க்கிறது, காது தாமதமாகக் கேட்கிறது, அதற்குப் பிறகு நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு. உடம்பு இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்வதற்குள் வானம் மறுபடி காலியாகிவிடுகிறது. பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத மனிதர் நம் தோளைப் பிடித்துக் குலுக்கிச் சிரிக்கிறார். இதை யாராவது மலிவான கிளர்ச்சி என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வழக்கம் நூறு ஆண்டுக்கும் மேல் பழையது. 1918 செப்டம்பர் 5, சிகாகோ நகரின் கமிஸ்கி பார்க். அமெரிக்கப் பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். பாஸ்டன் அணிக்காகப் பந்து வீசிய பேப் ரூத், சிகாகோ அணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் 1-0 என்று வென்றார். முதல் உலகப் போர் முடியாத நேரம். அன்று அமெரிக்க ராணுவத்தின் அறுபது விமானங்கள் மைதானத்தின் மேல் பறந்ததாகப் பதிவு இருக்கிறது. ரைட் சகோதரர்கள் தரையைவிட்டு எழும்பிப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே ஆட்டத்தின் நடுவே ராணுவ பேண்டு வாசித்த பாடல்தான் பின்னாளில், 1931இல், அந்நாட்டின் தேசிய கீதமானது. போர், பாட்டு, விளையாட்டு, விமானம் நான்கும் அங்கே ஒரே பிற்பகலில் சந்தித்துக்கொண்டன. இன்றுவரை அவை பிரியவில்லை.

1991 ஜனவரி 27ஆம் தேதி புளோரிடாவின் டாம்பா நகரில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாப் போர் தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. விட்னி ஹூஸ்டன் தேசிய கீதம் பாடி முடிக்க, நான்கு எஃப்-16 விமானங்கள் மேலே பறந்தன. அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அந்த நேரத்தில் பாலைவனத்தில் இருந்தார்கள். அவர்கள் அழுதது விமானத்தின் அழகுக்காக மட்டுமாக இருந்திருக்காது.

எல்லா நாடுகளிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கின் மேல் தாழப் பறந்தது ஒரு பயணிகள் விமானம். தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் போயிங் 747. சொந்த அணிக்கு வாழ்த்து அதன் அடிப்பகுதியில் எழுதியிருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க நாளில் பிரிட்டனின் ரெட் ஏரோஸ் குழு மைதானத்தின் மேல் வந்த நேரம் இரவு 20:12. ஆண்டையே கடிகாரத்தில் குறித்துக்கொண்டு வந்தார்கள். இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது 2000 சிட்னி ஒலிம்பிக்கின் நிறைவு விழா. ஒலிம்பிக் தீபம் அணையும் அதே கணத்தில் ஆஸ்திரேலிய விமானப்படையின் எஃப்-111 விமானம் ஒன்று மைதானத்தைக் கடந்தது. வால்பக்கமாக எரிபொருளைக் கொட்டி, அதை என்ஜினின் நெருப்பால் பற்றவைத்தபடி நீண்ட தீ நாக்கோடு இருட்டில் மறைந்தது. கீழே அணைந்த தீபத்தை மேலே யாரோ எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. குண்டு வீசுவதற்காகக் கட்டப்பட்ட இயந்திரம் அது. அன்று ஒருநாள் அதற்கு வேறு வேலை கிடைத்தது.

சரி, பாட்டு முடியும் நொடியில் விமானம் எப்படிச் சரியாக வந்து நிற்கிறது? நிற்கவே முடியாத ஒரு பொருள் அல்லவா அது? இதன் பின்னால் இருக்கும் உழைப்பைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு விமானத்தைவிட அந்த மனிதர்கள்மீது மதிப்பு கூடியது.

மைதானத்திலிருந்து சில மைல் தள்ளி, நகரத்துக்கு வெளியே, விமானங்கள் நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மைதானத்திலோ அதன் கூரை ஓரத்திலோ ஒருவர் ரேடியோவோடு நிற்பார். பல நேரங்களில் அவரும் விமானிதான். பாடகர் ஒத்திகையில் எத்தனை நொடி எடுத்துக்கொண்டார் என்ற கணக்கு அவர் கையில் இருக்கும். அன்றைய காற்று, விமானத்தின் வேகம், இடையிலுள்ள தூரம் எல்லாவற்றையும் வைத்து, பாட்டின் இந்த வரி வரும்போது சுற்றிலிருந்து பிரிந்து மைதானத்தை நோக்கித் திரும்ப வேண்டும் என்று முன்பே முடிவாகியிருக்கும். நிகழ்ச்சி பிந்தினால், விருந்தினர் பேச்சு நீண்டால், கீழே இருப்பவர் உடனே சொல்வார். மேலே இருப்பவர்கள் இன்னொரு சுற்று சுற்றுவார்கள். திரும்பிய பிறகுதான் சிக்கல். உணர்ச்சிவசப்பட்ட பாடகர் கடைசிச் சுரத்தை ஐந்து நொடி நீட்டிவிட்டால் விமானம் முக்கால் கிலோமீட்டர் முன்னே போய்விடும். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அவ்வளவுதான். 1991இல் விட்னி ஹூஸ்டன் முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தார் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். விமானிகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். நொடி பிசகாத பாட்டு அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

அமெரிக்க விமானப்படை இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. குறித்த இடத்துக்குக் குறித்த நொடியில் போய்ச் சேர்வது போரிலும் தேவைப்படும் திறமை. விமானிகளுக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சி நேரத்தில்தான் இதைச் செய்கிறோம், தனிச் செலவு இல்லை என்பது அந்த விளக்கம். அதில் நியாயம் இருக்கிறது. முழு நியாயம் இல்லை. 2011இல் டெக்சாஸில் நடந்த சூப்பர் பௌல் ஆட்டத்தில் கடற்படையின் நான்கு ஜெட் விமானங்கள் பறந்தபோது மைதானத்தின் கூரை மூடியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் பெரிய திரையில்தான் பார்த்தார்கள். 2015இல் ஜான் மெக்கெய்ன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் வெளியிட்ட அறிக்கை, மைதானங்களில் நடந்த ராணுவ மரியாதை நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்ததை அம்பலமாக்கியது. வீரர்களுக்கு அணி தானாக முன்வந்து செய்யும் மரியாதை என்று நம்பி எழுந்து நின்று கைதட்டியவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! பணத்தைப் பற்றி இதற்குமேல் நான் பேசப்போவதில்லை. எனக்குப் பெரிய கவலை உயரத்தைப் பற்றியது.

2010 நவம்பர் 20. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் மைதானம். அயோவாவுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் இடையே கல்லூரிக் கால்பந்து ஆட்டம். விமானப்படையின் நான்கு டி-38 பயிற்சி ஜெட் விமானங்கள் மைதானத்தின் மேல் வந்தன. மிக உயரமான கட்டடத்துக்கு மேலே ஆயிரம் அடி இடைவெளி விட்டுப் பறக்க வேண்டும் என்பது விதி. அன்று பத்திரிகையாளர் மாடத்தின் கூரைக்கும் விமானத்துக்கும் இடையே இருந்தது வெறும் 16 அடி என்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. ஒன்றரை மாடி உயரம். மைதானத்திலோ பல்லாயிரம் பேர்.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? ஆர்ப்பரித்தது. ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த வீடியோக்கள் இணையமெங்கும் பரவின. வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த காட்சி என்று கொண்டாடினார்கள். விமானிகள்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோது ரசிகர்கள் பலருக்கு விமானப்படையின்மீதுதான் கோபம்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதே குரலில்தான் கத்தியிருப்பேன். ஆயிரம் அடிக்கும் 16 அடிக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காலரியில் உட்கார்ந்தபடி உணர முடியாது. நெருக்கமாக வந்தது என்பது மட்டும்தான் தெரியும். நெருக்கம் அதிகமானால் மகிழ்ச்சியும் அதிகமாகும். கைதட்டலும் அதிகமாகும். அந்தக் கைதட்டல் மேலே இருப்பவரிடம் இன்னும் கொஞ்சம் கீழே வா என்று சொல்கிறது. அடுத்த ஆட்டத்துக்கு வரும் குழுவிடமும் சொல்கிறது. விதியை மீறுவதற்கு யாரும் விமானிக்குக் கட்டளையிடுவதில்லை. நம் ஆரவாரமே மெல்ல மெல்ல அவரைத் தள்ளுகிறது. இந்த விஷயத்தில் ரசிகர்களாகிய நாம் வெறும் பார்வையாளர்கள் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

விமானச் சாகசக் காட்சிகளில் கூட்டத்தைப் பாதுகாக்கும் அடிப்படை விதி ஒன்று உண்டு. கூட்டம் ஒரு பக்கம், விமானம் பறக்கும் கோடு இன்னொரு பக்கம், நடுவே கண்டிப்பான இடைவெளி. அந்த விதி பிறந்ததே மரணங்களில்தான். 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் ஒரு ஜெட் வானத்திலேயே உடைந்து, அதன் பாகங்கள் கூட்டத்தின்மேல் விழுந்து, விமானத்தில் இருந்த இருவரோடு சேர்த்து 31 பேர் இறந்தார்கள். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலிய சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் மோதிக்கொண்டன. அவற்றில் ஒன்று கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம். 70 பேர் உயிரிழந்தார்கள். 2002இல் உக்ரைனின் லிவிவ் நகரருகே சுகோய் விமானம் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் 77 பேர். இந்தப் பேரிழப்புகளுக்குப் பிறகுதான் இடைவெளிகள் கூட்டப்பட்டன, கூட்டத்தை நோக்கிப் பறப்பது பல நாடுகளில் தடை செய்யப்பட்டது.

மைதானத்தின் மேல் பறப்பதில் இந்த விதிக்கு இடமே இல்லை. அங்கே கூட்டம் பக்கவாட்டில் இல்லை, நேர் கீழே இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்காகத்தான் விமானங்களே வருகின்றன. ஆகவே பாதுகாப்புக்கு மிச்சமிருப்பது இரண்டே விஷயங்கள்: நேர்கோட்டில், சமமாக, புரளாமல் பறப்பது ஒன்று. உயரம் இன்னொன்று. உயரம் என்பது விமானிக்குக் கிடைக்கும் நேரம். என்ஜின் நின்றால், பறவை மோதினால், பக்கத்து விமானம் சற்று விலகினால், கூட்டத்தைத் தாண்டி ஒரு வெற்று வயலுக்கோ ஆற்றுக்கோ போய்ச்சேர அவருக்குச் சில நொடிகளாவது வேண்டும். அந்தச் சில நொடிகளைத்தான் நம் ஆரவாரத்துக்காக அவர் செலவழித்துவிடக் கூடாது.

மைதானங்களின் மேல் பறக்கையில் இதுவரை பெரிய விபத்துகள் அரிது. அது விதிகளைக் கடைப்பிடிக்கும் விமானிகளின் பெருமை. ஆனால் இந்தப் பணி எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறது என்பதற்கு ஒரே நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2016 ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்க விமானப்படைக் கல்லூரியின் கால்பந்து மைதானத்தில் பட்டமளிப்பு விழா. அதிபர் ஒபாமா உரையாற்றினார். விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் சாகசக் குழு மேலே பறந்தது. பறந்து முடித்துத் திரும்பும் வழியில் ஒரு எஃப்-16 விமானத்தின் என்ஜின் நின்றுபோனது; விமானி வெளியே குதித்து உயிர் தப்பினார். விமானம் வயல்வெளியில் விழுந்தது. அதே நாள், டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவில், கடற்படையின் புளூ ஏஞ்சல்ஸ் குழு வார இறுதிக் காட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விமானம் நொறுங்கி, கேப்டன் ஜெஃப் கஸ் இறந்தார். 2020 மே மாதம் கொரோனாக் காலத்தில் மக்களை உற்சாகப்படுத்த நகரம் நகரமாகப் பறந்த கனடாவின் ஸ்னோபேர்ட்ஸ் குழுவில், காம்லூப்ஸ் நகரில் ஒரு விமானம் விழுந்து கேப்டன் ஜெனிஃபர் கேசி உயிரிழந்தார். என்ஜினுக்குள் புகுந்த ஒரே ஒரு பறவைதான் காரணம்.

நம் நாட்டிலும் இந்த வலி உண்டு. அகமதாபாத்தில் நம்மை எழுந்து நிற்க வைத்த அதே சூரியகிரண் குழு, 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில் ஏரோ இந்தியா கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய நாள் ஒத்திகையில் இருந்தது. இரண்டு விமானங்கள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தியை இழந்தோம். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் தேஜஸ் விமானம் விழுந்தபோது இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால், நம் கோவைக்குப் பக்கத்துச் சூலூர் தளத்தில் பணியாற்றியவர். நாம் ஒரு காட்சி என்று சொல்வது அவர்களுக்கு அன்றாட வேலை. ஐந்து மீட்டர் இடைவெளியில் பக்கத்து விமானத்தின் இறக்கையைப் பார்த்தபடி பறப்பவரால், கீழே நாம் கைதட்டுவதைக் கேட்க முடியாது. வீட்டில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும்.

வானத்தில் எல்லாம் சரியாக நடந்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 2022 ஏப்ரல் 20 மாலை, வாஷிங்டன் நகரின் பேஸ்பால் மைதானத்தில் ராணுவத்துக்கு மரியாதை செய்யும் நிகழ்ச்சி. பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சிறு ராணுவ விமானம் வந்தது. இந்தத் தகவல் நாடாளுமன்றக் காவல் துறைக்குப் போய்ச் சேரவில்லை. ஏதோ தாக்குதல் வருகிறது என்று கேபிடல் கட்டடத்திலிருந்து எல்லோரையும் அவசரமாக வெளியேற்றினார்கள். மைதானத்தில் சிலர் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மைலுக்குச் சற்று மேல் தள்ளி வேறு சிலர் உயிருக்குப் பயந்து படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். 2025 மார்ச் 28 அன்று அதே நகருக்கு அருகே, ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையின் மேல் பறக்க வந்த டி-38 விமானங்களுக்கும் பக்கத்து விமான நிலையத்திலிருந்து அப்போதுதான் மேலெழும்பிய டெல்டா பயணிகள் விமானத்துக்கும் இடையே மோதல் எச்சரிக்கை ஒலித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே விமான நிலையத்தருகே ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்திருந்தார்கள். ஒருவர் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை இன்னொருவரிடம் சொல்லாமல் விட்டால் போதும்.

இதை எழுதும்போது நம் மெரினாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படை நாளையொட்டி நடந்த அந்த வான்சாகசம் விளையாட்டு நிகழ்ச்சி அல்ல. ஆனால் அதன் பாடம் எல்லா மைதானத்துக்கும் பொருந்தும். காலை பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிவரை, உச்சிவெயிலில், பல லட்சம் பேர் மணலில் நின்றார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த அப்பாக்கள், குடை பிடித்த பாட்டிகள். ரஃபேல் வந்தது, தேஜஸ் வந்தது, சூரியகிரண் வந்தது. வானத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை. விமானிகள் தங்கள் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்து முடித்துத் தளம் திரும்பினார்கள். கீழே ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மயங்கினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், கூட்டம் கலையும்போது வெளியேற வழி கிடைக்காமல், பறக்கும் ரயில் நிலையங்களில் மூச்சு முட்ட நெரிந்து நின்றவர்களின் முகங்களைச் செய்திகளில் பார்த்தோம். நொடிக் கணக்கில் வானத்தைத் திட்டமிடத் தெரிந்த நமக்கு, வெயிலையும் தண்ணீரையும் வீடு திரும்பும் வழியையும் திட்டமிடத் தெரியவில்லை. ஆயிரம் அடிக்கு மேலே நடப்பதற்குக் கொடுத்த கவனத்தில் பாதியைத் தரைக்குக் கொடுத்திருந்தால் அந்த ஐந்து குடும்பங்களும் அன்று மாலை கடற்கரைக் கதைகள் பேசிக்கொண்டிருந்திருக்கும். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இன்னொரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர், மைதானத்துக்கு வந்தவர்களும் அல்லர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் போர்க்காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். சியாமாசெட்டி, சகடை, கிபிர் என்று விமானங்களை அவர்கள் அழைத்த பெயர்கள் வரிசையாக வரும். முகத்தைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். கிபிர் வந்தால் பங்கருக்குள் ஓட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அந்த வயதிலேயே அறிந்தவர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் இன்று டொரொண்டோவில் வாழ்கிறார்கள். அங்கே ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின வார இறுதியில், ஒண்டாரியோ ஏரிக்கரையில் பெரிய வான்சாகசக் காட்சி நடக்கும். அதற்கு முந்தைய நாட்களில் ஒத்திகைக்காக ஜெட் விமானங்கள் நகரத்தின் மேல் கிழித்துக்கொண்டு போகும். ஏரிக்கரையில் நிற்பவருக்கு அது விழா. எதிர்பாராமல் சமையலறையில் நிற்கும் ஓர் அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேறு ஒன்றைக் கொண்டுவந்துவிடும். ஈழத்தமிழர் மட்டுமல்ல, சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வந்தவர்கள் அந்த நகரில் இருக்கிறார்கள். விழாவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து வரும் என்று அவரவர் மொழியில் முன்கூட்டியே சொல்லிவிடலாமே. மைதானங்களின் மேல் பறப்பதற்கும் இதையே கேட்கிறேன். ஆட்டத்துக்கு வருபவர்களுக்கு மட்டும் ஆச்சரியமாக இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் குழந்தையைத் தூங்க வைத்தவருக்கும், மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவருக்கும், நாய் வளர்ப்பவருக்கும், போரிலிருந்து திரும்பிய படைவீரருக்கும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

நம் ஊரில் இனி இது அடிக்கடி நடக்கும் என்றே நினைக்கிறேன். பெரிய ஆட்டங்கள் வருகின்றன, புதிய மைதானங்கள் வருகின்றன, சூலூரும் தாம்பரமும் அரக்கோணமும் தஞ்சையும் என விமானத் தளங்கள் நம்மிடம் இருக்கின்றன. வரட்டும். நான் முதல் ஆளாக அண்ணாந்து பார்ப்பேன். ஏற்பாட்டாளர்களிடம் கேட்க எனக்குச் சில விஷயங்கள் உண்டு. உச்சிவெயிலை விட்டுவிட்டு மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பறக்கப்போகும் பாதையையும் நேரத்தையும் முந்தைய நாள் செய்தித்தாளில் போடுங்கள். தண்ணீர்ப் பந்தலும் ஆம்புலன்ஸ் போகும் வழியும் தயாரான பிறகே விமானத்துக்கு அழைப்பு அனுப்புங்கள். எவ்வளவு உயரத்தில் பறக்கிறார்கள் என்பதை அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் பெருமையோடு சொல்லட்டும். இன்று விமானத்தின் வேகத்தைச் சொல்கிறார்கள், விலையைச் சொல்கிறார்கள். ஆயிரம் அடி, அதற்கு ஓர் அடி குறையாமல் வந்தார்கள் என்று சொன்னால் அதற்கும் நம் மக்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நம் ரசிகர்களை எனக்குத் தெரியும். வேகப்பந்து வீச்சாளரை மட்டுமா கொண்டாடுகிறோம், ஐந்து நாள் பொறுமையாகத் தடுத்து ஆடியவரையும் தோளில் தூக்கியவர்கள்தானே சேப்பாக்கத்துக்காரர்கள்.

உங்களில் விமானப்படையில் பறந்தவர்கள் இருப்பீர்கள். விமானத்தைத் தரையில் பராமரித்த டெக்னீஷியன்கள் இருப்பீர்கள். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வீடு கட்டி, ஜெட் சத்தத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். மெரினாவில் அன்று நின்றவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இந்த இதழைப் படிப்பவர்களும் உண்டு. உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த இரண்டு இதழ்களில் வாசகர் கடிதப் பகுதியில் கூடுதலாக நான்கு பக்கம் இதற்கென ஒதுக்கிவைத்திருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் கடிதத்தின் மேலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்